குதிரைப்படைச் செலவும் சரித்திரக் கதையும்

தமிழிற் குதிரைக்குப் பெயர்கள் பல. பரி, புரவி, இவுளி, பாய்மா, கலிமா, துரகம், அசுவம் என நிகண்டுகள் அடுக்கிச் செல்லும். அதன் கதியையும் மல்லகதி, மயூரகதி, வானரகதி, சசகதி, சரகதி என ஐவகையாகப் பகுத்து வைத்தனர் நம் முன்னோர். புறத்திணைத் துறைகளுள் குதிரைமறம் என்பதும் ஒன்று. கடல்வழி வந்த புரவிகளைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. குதிரை வாங்கச் சென்ற அமைச்சராகிய மாணிக்கவாசகரின் வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் விரிக்கின்றது. இத்துணைச் செல்வமுடைய மொழியில் இக்காலத்து எழுதப்படும் சரித்திரக் கதைகள் பலவற்றைப் புரட்டிப் பார்த்தால், அங்கே குதிரை பாய்கிறது, கனைக்கிறது, அகழியைத் தாண்டுகிறது. ஆனால் ஓரிடத்திலும் தின்பதில்லை. தண்ணீர் குடிப்பதும் அரிது. பதினாயிரம் குதிரைகள் காஞ்சியிற் புறப்பட்டு, அத்தியாயம் ஒன்று முடியுமுன் மதுரைக் கோட்டை வாயிலில் நிற்கின்றன.

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் பயணம் என்பது பொருள். பணம் செலவாதல் என்பதே இன்று வழக்கில் முந்தி நிற்கும் பொருள். ஒரு சேனையைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றே. அதனை அறிந்து எழுதும் கதை நம்பத்தக்கதாகிறது. அறியாது எழுதுவது எத்துணை அலங்காரமுடையதாயினும் பொம்மலாட்டமாகிறது. இதனைச் சில உதாரணங்களால் ஆராய்வாம்.

முதலில், சிறிதாகவும் செம்மையாகவும் கூறப்பட்ட ஓர் உதாரணம். அப்போஸ்தலர் நடபடிகளின் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில், பவுலைக் கொல்லச் சபதம் செய்தவர் நாற்பதுக்கு மேற்பட்டோர் என்பதைச் சேனாபதியாகிய கிலவுதியு லீசியா அறிந்தவுடன், அவரை இரவோடிரவாகச் செசரியாவுக்கு அனுப்புகிறான். எத்தனை பேரை? காலாட்கள் 200, குதிரைவீரர் 70, ஈட்டிக்காரர் 200. எப்பொழுது? இரவு மூன்றாம் மணி வேளையில். பவுல் ஏறிச் செல்வதற்கும் வாகனம் ஆயத்தம் செய்யப்படுகிறது. அந்திப்பத்திரி என்னும் ஊர்வரை அனைவரும் செல்கின்றனர். மறுநாள் காலாட்கள் திரும்பி விடுகின்றனர், குதிரைவீரர் மட்டும் மேற்செல்கின்றனர். ஏன் அவ்வூரிற் பிரிந்தனர் என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. ஆயினும் நாம் உணர்கிறோம்: பகைவர் பதுங்குதற்கேற்ற மலைப்பாதை கடந்தாயிற்று, இனிச் சமவெளி, ஆகவே காலாட்களின் துணை வேண்டா, விரைவே வேண்டும். எண், நேரம், ஊர்ப்பெயர், ஏறிச்செல்லும் பிராணி என்னும் நான்கு சிறு செய்திகளால் அவ்விரவுப் பயணம் முழுவதும் கண்முன் நிற்கிறது. வருணனை ஒரு சொல்லும் இல்லை.

இனி விரைவைப் பற்றி. குதிரை சாதாரண நடையில் மணிக்கு ஏறத்தாழ 4 மைல் செல்லும். ஓட்டநடையில் 8 மைல். நாலுகால் பாய்ச்சல் என்பது போர்க்களத்திற் சில நிமிஷங்களுக்கே உரியது. ஒரு குதிரையைச் சில மைல்களுக்கு மேல் அவ்வாறு ஓட்டினால் அது பிறகு எதற்கும் உதவாது. ஆகவே நெடுந்தூரம் செல்லும் படை பெரும்பாலும் நடந்தே செல்லும். இடையிடையே ஓட்டநடையில் விடும். சில சமயம் வீரர் இறங்கிக் குதிரையைக் கையிற் பிடித்துக்கொண்டு தாமும் நடப்பர். இவ்வாறு நாள்தோறும் 20 அல்லது 25 மைல் சென்றால் அது நல்ல படை. காஞ்சிக்கும் மதுரைக்கும் இடையே 250 மைலுக்கு மேல் உண்டு. பத்து நாளைக்குக் குறைந்து அங்கே சேர்ந்த குதிரைப்படை, சேர்ந்த அன்றே போர் செய்யும் நிலையில் இராது. தனித் தூதன் ஒருவன் இடையிடையே குதிரை மாற்றிக்கொண்டு இதனினும் பன்மடங்கு விரைவாகச் செல்லலாம். அவனுக்கு வேண்டியன மாற்றுக் குதிரைகளும், அவற்றை ஆயத்தமாக வைத்திருக்கும் அரசாங்கமுமே. அவ்வரசாங்கம் எங்கே என்று வாசகன் கேட்பான்.

தீனியின் கணக்கே கதாசிரியர்க்குப் பெரிதும் பயன்படுவது என்பது என் கருத்து. உழைக்கும் குதிரைக்கு நாளொன்றுக்குத் தானியம் சுமார் 10 ராத்தல், புல்லோ வைக்கோலோ மேலும் 10 ராத்தல், தண்ணீர் 8 காலன் எனப் பொதுவாகக் கணக்கிடுவர். நம் நாட்டில் அத்தானியம் பெரும்பாலும் கொள்ளு. ஆறாயிரம் குதிரைகளுக்கு ஒரு நாளைக்கு 60,000 ராத்தல் தானியம். பொதிமாடு ஒன்று 200 ராத்தல் சுமக்குமெனக் கொண்டால், ஒரு நாள் தீனிக்கு 300 மாடுகள். பத்து நாட்களுக்கு 3,000 மாடுகள். அம்மாடுகளும் தின்ன வேண்டும். இதனினும் பெரிய தொல்லை ஒன்றுண்டு: பொதிமாடு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு மேற் செல்லாது. ஆகவே தளபதியின் முன்னே இரண்டு வழிகளே உள்ளன. தன் தீனியைத் தன்னுடன் கொண்டு செல்வானாயின் அவனுடைய குதிரைப்படை மாட்டின் நடையில் நடக்கும். மாட்டின் நடையை வெறுப்பானாயின் வழியிலுள்ள ஊர்களிடமிருந்து தீனியைப் பெறுவான். பெறுதல் என்பது பெரும்பாலும் பறித்தலே. புல்லை மேய்ந்தே குதிரை பிழைக்குமே என்பார்க்கு விடை எளிது. மேய்ச்சலை மட்டும் நம்பிய குதிரைக்கு வயிறு நிரம்ப நாளிற் பாதிக்கு மேல் வேண்டும். மேயும் பொழுது அது நடவாது. நடக்கும் பொழுது மேயாது.

சாலொமோன் அரசனுடைய பெருமையைக் கூறவந்த இராஜாக்கள் முதலாம் புத்தகம், பொன்னையும் ஞானத்தையும் மட்டும் கூறி அமையவில்லை. பன்னிரண்டு மணியகாரர்கள் ஆண்டில் மாதத்துக்கு ஒருவராக அரண்மனைக்கு உணவு சேகரித்ததையும், குதிரைகளுக்கு வாற்கோதுமையும் வைக்கோலும் உரிய இடங்களுக்குக் கொண்டுவந்ததையும் எழுதி வைத்திருக்கிறது. பஞ்சகாலத்தில் ஆகாப் அரசனும் அவன் அரண்மனை விசாரிப்புக்காரனாகிய ஒபதியாவும் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் உயிரோடே காப்பாற்றப் புல் தேடி நாட்டைப் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கொரு வழியாய்ப் போயினர் என்பதும் அப்புத்தகத்தில் உள்ளதே. முடிசூடிய அரசன் ஒருவன் புல் தேடிச் செல்லும் காட்சியை நம் கதைகளில் நான் இன்னும் கண்டதில்லை.

மெய்யாகவே நிகழ்ந்த ஒரு செலவை இனி எடுத்துக்கொள்வோம். 1769-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், கும்பெனியாரோடு போர் புரிந்துகொண்டிருந்த மைசூர் ஹைதர் அலி, அவர்களுடைய பெரும்படையைச் சென்னையினின்று வெகுதூரம் தெற்கே இழுத்துச் சென்று, பிறகு திடீரெனத் திரும்பி, 6,000 தேர்ந்த குதிரைவீரரோடும் சுமார் 200 காலாட்களோடும் மூன்றரை நாளில் 130 மைல் கடந்து பரங்கிமலையிற் காட்சியளித்தான். கோட்டையிலிருந்தோர் திகைத்தனர், ஏப்ரல் மாதத்தில் உடன்படிக்கை எழுதப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 மைல். ஆறாயிரம் குதிரைகள் சேர்ந்து செல்வதற்கு இஃது அசாதாரண வேகம்.

கற்பனைக் கதையில் இதனைப் படித்தால் நாம் நம்ப மறுப்போம். மெய்யாக நிகழ்ந்தது எவ்வாறு? பீரங்கிகளையும், மூட்டை முடிச்சுகளையும், காலாட்படையையும் ஹைதர் முன்னதாகவே கணவாய் வழியாகத் தன் நாட்டிற்கு அனுப்பிவிட்டான். இது முதற் காரணம். மூன்றரை நாள் என்பது சேணத்தின் பின்னே கட்டிய கொள்ளுப்பையும் வழியிற் கிடைக்கும் வைக்கோலும் கொண்டே சமாளிக்கக்கூடிய காலம் என்பது இரண்டாவது. ஏழு நாளாயின் முடியாது. மூன்றாவது காரணம் பருவம். மார்ச்சு மாத இறுதி என்பது பங்குனி. சம்பா அறுவடை முடிந்து களத்தில் வைக்கோற்போர் உயர்ந்து நிற்கும். பாலாறு மணற்படுகையாய்க் கிடக்கும். ஓடமும் பாலமும் இன்றிக் கடக்கலாம். வயல்கள் காய்ந்து குளம்பிற்கு உறுதியாயிருக்கும். அதே மனிதன், அதே குதிரைகள், அதே 130 மைல். மாதத்தை மட்டும் கார்த்திகை ஆக்கிப் பாருங்கள். சேறும் வெள்ளமும் நிறைந்த அந்நாட்டில் அவன் பரங்கிமலையை எப்பொழுது கண்டிருப்பான்?

மகாராஷ்டிரர் விஜயதசமியன்று படையெடுப்புக்குப் புறப்படும் வழக்கமுடையவர். அது தெய்வ வழிபாட்டோடு இயைந்த வழக்கமேயாயினும், அவர்கள் நாட்டில் மழை ஓய்ந்து, ஆறுகள் வடிந்து, புல் வளர்ந்து, தானியம் விளையும் பருவமும் அதுவே. பஞ்சாங்கத்தைப் பாராது படையெடுக்கும் கதாசிரியர் இதனை நினைவிற் கொள்வாராக.

ஆற்றின் வலிமைக்கு மற்றொரு சான்று. 1780-ஆம் ஆண்டில் ஹைதர் மீண்டும் கருநாடகத்துட் புகுந்தபொழுது, வடக்கேயிருந்து வந்த பேய்லி என்னும் கும்பெனித் தளபதி, மன்றோவின் படையோடு சேரும்பொருட்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் கொற்றலையாற்றின் வடகரையை அடைந்தான். அப்பொழுது ஆற்றிற் கடக்க முடியாத நீர் இல்லை. களைப்பினாலோ கவலையின்மையாலோ வடகரையிலேயே கூடாரம் அடித்தான். இரவில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் முதல் வாரம் வரை அக்கரை செல்ல அவனால் இயலவில்லை. அத்தாமதத்திற்குள் ஹைதரின் மகன் திப்பு அவனை நோக்கி அனுப்பப்பட்டான். செப்டம்பர் 10-ஆம் நாள் பொள்ளிலூரிற் பேய்லியின் சேனை அழிந்தது. ஒரு மாலைப் பொழுதின் சோம்பல்! இதனை அப்படியே கதையில் வைத்தால், ஆசிரியர் தமக்கு வேண்டியபொழுது வெள்ளத்தை வரவழைத்துக்கொண்டார் என்று வாசகர் நகைப்பர். ஆதலால் இரண்டு அத்தியாயங்களுக்கு முன்னரே மேற்கு வானிற் கருமேகத்தைக் காட்டுதல் வேண்டும். ஆற்றங்கரை மீனவன் ஒருவன் நீரின் நிறம் மாறியதைச் சொல்லிச் சிப்பாய்கள் அதனைச் செவியில் வாங்காதிருத்தல் வேண்டும். மெய்யாய் நிகழ்ந்ததற்குச் சான்று போதும். கதையில் நிகழ்வதற்கு முன்னறிவிப்பும் வேண்டும்.

தண்ணீர் என்றதும் கிணற்றங்கரையில் வீரன் இறங்கி நீர் அருந்துவதும், அங்கே கன்னி ஒருத்தி குடத்தோடு நிற்பதும் கதைகளில் வழக்கம். ஒரு வீரனுக்கு அது பொருந்தும். ஆறாயிரம் குதிரைக்கு 48,000 காலன் தண்ணீர் வேண்டும். ஒரு கிணறு அன்று, ஓர் ஏரி வேண்டும். ஏரிக்கரையில் ஒரே சமயத்தில் 200 குதிரைகள் நின்று குடிக்க இடமுண்டென்றும், ஒவ்வொரு வரிசைக்கும் ஐந்து நிமிஷம் என்றும் கொண்டால், எல்லாம் குடித்து முடிய இரண்டரை மணி நேரம். கடைசியில் வருவது கலங்கிய சேற்றையே குடிக்கும். வழிநடையிலும் இவ்வாறே. குதிரை ஒன்றுக்கு முன்பின் இடைவெளியோடு நான்கு கஜம் என வைத்து, நால்வர் நால்வராய்ச் சென்றால் அணியின் நீளம் 6,000 கஜம், அதாவது ஏறக்குறைய மூன்றரை மைல். தலை ஓர் ஊரை அடைந்தபின் வால் வந்து சேர ஒரு மணிக்குச் சற்றுக் குறைந்த நேரமாகும். தலைவன் கையை உயர்த்த ஆறாயிரம் குதிரைகளும் ஒருங்கே நின்றன என்று எழுதுவோர் இதனைச் சிந்திக்கவேண்டும். நடுவிலும் பின்னிலும் செல்வோர்க்குத் தூசியே உணவு. இத்தூசியை மட்டும் நம் புலவர்கள் மறந்தாரல்லர்; கதிரவனை மறைத்த படைத்தூளி பரணிகளிற் பரந்து கிடக்கிறது. படை மறைந்து வருதல் எத்துணை அரிது என்பதற்கும் அத்தூளியே சாட்சி.

தண்ணீரைப் பற்றிய கணக்குத் தவறினால் யாது நேரும் என்பதை இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்திற் காணலாம். இஸ்ரவேல், யூதா, ஏதோம் என்னும் மூன்று நாட்டு அரசரும் மோவாபை நோக்கி ஏதோமின் வனாந்தர வழியாய் ஏழு நாள் சுற்றிச் சென்றபின், சேனைக்கும் உடன்சென்ற மிருகங்களுக்கும் தண்ணீர் இல்லாமற் போயிற்று. அப்பொழுதுதான் அவர்களுக்குத் தீர்க்கதரிசியின் நினைவு வருகிறது. இப்பகுதியின் அழகு யாதெனின், அற்புதம் நிகழ்வதற்குமுன் தேவை தெளிவாகக் காட்டப்படுகிறது என்பதே.

குதிரையின் விலையையும் சிறிது கருதல் வேண்டும். பாண்டிய நாட்டிற்கு அராபிய, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் மரக்கலங்களில் வந்தன. பாரசீக ஆசிரியர் வாசாப் குதிரை ஒன்றிற்கு 220 பொன் தினார் என எழுதுகிறார். வெனிஸ் நகர மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகளை வாங்கியும், பேணும் முறை அறியாமையால் ஆண்டிறுதியிற் சிலவே எஞ்சின எனக் கூறுகிறார்; லாடம் கட்டுவோர் இங்கே வாராதபடி வணிகரே பார்த்துக்கொண்டனராம். பிறநாட்டார் கூற்றை முழுதும் நம்பவேண்டுவதில்லை. எனினும், ஆண்டுதோறும் கடல் கடந்து வாங்க வேண்டிய பொருளை நம் கதாநாயகன் ஒரு தாண்டலில் அகழியிற் போக்கிவிட்டு, அடுத்த பக்கத்தில் மற்றொன்றில் ஏறிச் செல்வது எவ்வாறு? மகாராஷ்டிரப் படையிற் சொந்தக் குதிரையோடு சேவகம் செய்வோரைச் சிலேதார் என்றும், அரசாங்கக் குதிரையில் ஏறுவோரைப் பார்கீர் என்றும் வழங்குவர். குதிரை இறந்தாற் சிலேதாரின் பிழைப்பே போயிற்று. பார்கீருக்கு அக்கவலை குறைவு. ஒரே அணியில் அருகருகே நிற்கும் இருவரின் நெஞ்சத் துணிவும் வேறுபடுவதற்கு இஃதொன்றே போதும். பாத்திர சிருஷ்டி செய்வோர்க்கு இதனினும் நல்ல கருவி வேண்டுமோ?

எண்களைப் பற்றியும் ஒரு சொல். மாலிக் காபூர் 1311-இல் தென்னாட்டினின்று கொண்டு சென்ற குதிரைகள் 5,000 என்கிறார் அமீர் குஸ்ரு. 20,000 என்கிறார் பரணி. இருவரும் அக்காலத்தவரே. இவ்விடத்துக் கதாசிரியர் பெரிய எண்ணையே விரும்பி எடுத்துக்கொள்வர். அவ்வாறு எடுப்பவர், அத்தனை குதிரைகளையும் டில்லி வரை எதனால் தீனியிட்டார்கள் என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்.

இவ்வளவையும் கதையிற் கொட்டவேண்டுமோ எனின், வேண்டா. கதை படிப்போன் கணக்கப்பிள்ளை அல்லன். ஆசிரியர் அறிந்தவற்றிற் பத்தில் ஒரு பங்கு வெளிப்பட்டாற் போதும். எஞ்சியது அடித்தளமாய் நிற்கும். கல்கியின் பொன்னியின் செல்வனில், ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனை நாம் முதன்முதல் காணும்பொழுது, அவன் குதிரை நெடும் பயணத்தாற் களைத்து மெல்ல நடந்து வருகிறது. பாய்ந்து வரவில்லை. அந்த ஒரு களைப்பினால், அவன் கடந்து வந்த தூரத்தை நாம் நம்புகிறோம். ஏரியை நின்று பார்க்க அவனுக்கு நேரமும் கிடைக்கிறது.

இதில் அழகியல் மட்டுமன்றி நியாயமும் கலந்திருக்கிறது. தீனியின்றிக் குதிரையை ஓட்டும் கதை, அத்தீனியைக் கொடுத்த குடியானவனையும் மறைத்து விடுகிறது. அரசன், தளபதி, இளவரசி, ஒற்றன் ஆகியோர் கதையில் உளர். வைக்கோற்போரின் சொந்தக்காரன் இல்லை. படையோடு செல்லும் புல்லறுப்போரும், லாடம் கட்டுவோரும், குதிரைக்காரரும், தானியப் பொதிமாடுகளோடு நாடு நாடாய்த் திரிந்த இலம்பாடிகளும் இல்லை. போர்வீரரின் எண்ணிக்கையை ஒத்தும் சில சமயம் மிஞ்சியும் இருந்த இம்மக்கள் எங்கே போயினர்? 1780-இற் சென்னையைச் சூழ்ந்த ஊர்களை ஹைதரின் குதிரைப்படை எரித்தது, பகைவனுக்குத் தானியமும் மாடும் கிடையாதபடி செய்வதற்கே. பீரங்கியைவிட அது கும்பெனியாரை வருத்தியது. அவ்வூரார் எவ்வாறு பிழைத்தனர் என்பதைப் பற்றித் தளபதிகளின் கடிதங்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. அவ்விடத்திற்றான் கதைக்கு வேலை இருக்கிறது.

பரங்கிமலைச் செலவையே ஒருவர் கதையாக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஹைதரின் கூடாரத்திலோ கோட்டையின் ஆலோசனை மண்டபத்திலோ அதனைத் தொடங்கவேண்டும் என்பதில்லை. பாலாற்றுக்குத் தெற்கே ஓர் ஏரியூர். பங்குனி மாத மாலை. களத்தில் ஒரு குடும்பத்தின் வைக்கோற்போர், தொழுவத்தில் இரண்டு உழவு மாடுகள். தென்திசையில் தூசி எழுகிறது. இரவு வருகிறது, ஏரிக்கரை முழுவதும் குதிரைகளின் மூச்சு, கடிவாளங்களின் ஓசை. யாரும் வீட்டிற்கு நெருப்பு வைக்கவில்லை, அவர்களுக்கு நேரமில்லை. விடியுமுன் எல்லோரும் வடக்கே போய்விடுகிறார்கள். ஏரியின் ஓரம் சேறாய்க் கிடக்கிறது. களத்தில் வைக்கோற்போர் இருந்த இடத்தில் வெறும் வட்டம். கிழவர் தொழுவத்தைப் பார்க்கிறார். ஆடியில் மழை பெய்து புல் முளைக்க நான்கு மாதம் உண்டு.